சோற்றுக்கை போன பிறகு

விபத்தில் கையை இழந்தவரோடு வரும் உறவினர்கள் கேட்கும் முதல் கேள்வி அநேகமாக ஒன்றுதான்: "செயற்கைக் கை எப்போது மாட்டலாம்?" அன்றாட வேலைகளைத் தாமே செய்துகொள்ளப் பயிற்சி தரும் ஆக்குபேஷனல் தெரபிஸ்டான நான் திருப்பிக் கேட்பது, "வீட்டில் எப்படிச் சாப்பிடுகிறார்?" அம்மா ஊட்டுகிறார், மனைவி ஊட்டுகிறார் என்று பெருமையாகச் சொல்வார்கள். எனக்குக் கவலை அங்கேதான் தொடங்கும்.

தகட்டை அழுத்தி வெட்டும் பவர் பிரஸ், கரும்பு பிழியும் இயந்திரம், மின்சாரம், பட்டாசு, சாலை விபத்து என்று காரணங்கள் பல. பெரும்பாலும் உழைக்கிற வயதில் போகிறது கை. அதுவும் வலக்கை என்றால் சங்கடம் இரட்டிப்பு. சாப்பிட ஒரு கை, கால் கழுவ ஒரு கை என்று பழக்கி வளர்க்கப்பட்டவர்கள் நாம். இப்போது இரண்டு வேலையும் இடக்கையின் தலையில் விழுகிறது. சோற்றைப் பிசையும்போது அவருக்கே அருவருப்பு வருகிறது. வாய்விட்டுச் சொல்ல முடிவதில்லை. கல்யாணப் பந்தியில் இடக்கையால் சாப்பிட்டால் எதிர் வரிசை பார்க்கும். ஊட்டிக்கொண்டால் அதைவிடக் கூச்சம். முதலில் பந்தியைத் தவிர்ப்பார்கள், அப்புறம் கல்யாணத்தையே. பிற்பாடு மனச்சோர்வு என்று சீட்டில் எழுதப்படுவதில் ஒரு பங்கு இங்கேதான் முளைக்கிறது என்பது என் எண்ணம்.

மீதமிருக்கும் ஒரே கையை எதைக்கொண்டு தேய்த்துக் கழுவுவது? இதை யாரும் யோசிப்பதில்லை. உறிஞ்சிப் பிடிக்கும் ரப்பர் அடிப்பாகம் கொண்ட பிரஷ் ஒன்றை வாஷ்பேசினில், நார் மேலே பார்க்க ஒட்டிவையுங்கள். பக்கத்தில் அழுத்தினால் வரும் சோப்புக் குப்பி. கையை அந்த நாரில் தேய்த்தால் நக இடுக்கு வரை சுத்தமாகும். கழிப்பறையில் கைக்கு எட்டும் இடத்தில் தண்ணீர் பீய்ச்சும் குழாய் இருக்கட்டும். கை சுத்தமாக இருக்கிறது என்று அவருக்கே நம்பிக்கை வந்தால் பாதிக் கூச்சம் போய்விடும். மீதியை வீட்டுப் பெரியவர் ஒருவர் போக்கலாம். "இடக்கையிலேயே சாப்பிடுப்பா, என்ன இப்போது?" என்று எல்லோர் முன்னிலையிலும் அவர் ஒருமுறை சொல்வதற்கு இருக்கும் வலு என் பல நாள் பயிற்சிக்கு இல்லை.

இன்னொன்றும் உண்டு. நம் சாப்பாடே ஒற்றைக் கைச் சாப்பாடு. தோசையைப் பிய்க்கவோ சோற்றைப் பிசையவோ நாம் மறு கையைத் தேடுவதில்லை. கத்தியும் முள்கரண்டியுமாக இரு கைகளால் சாப்பிட்டுப் பழகியவரைவிட நம்மவருக்கு இது எளிது. பழக்கத்தை அந்தக் கையிலிருந்து இந்தக் கைக்கு மாற்றினால் போதும். தட்டு நகராமல் அடியில் ஈரத்துணி, விளிம்பு உயர்ந்த தட்டு, ஆரம்பத்தில் ஒரு ஸ்பூன். காய் நறுக்கவும் கத்தியைவிட அரிவாள்மனை தேவலை. அதில் கத்தி அசையாது, காய்தான் நகரும். பலகையைக் காலால் அழுத்திக்கொண்டு, பக்கத்தில் ஒருவர் இருக்கும்போது, மெதுவாகப் பழக வேண்டும். ரவிக்கையில் கொக்கிக்குப் பதில் ஒட்டும் பட்டை, மடிப்புத் தைத்த சேலை, இடுப்பில் எலாஸ்டிக் வைத்த பேன்ட் ஆகியவற்றை உள்ளூர்த் தையல்காரரே செய்து தருவார்.

இல்லாத கை வலிக்கிறது என்று சொல்லப் பயப்படுகிறார்கள், பைத்தியம் என்று நினைப்பார்களோ என்று. இது மூளையும் நரம்பும் சம்பந்தப்பட்ட உண்மையான வலி. விரல்கள் இறுக மூடிக்கொண்டு நகம் உள்ளங்கையில் குத்துவதுபோல் இருக்கிறது என்பார்கள் சிலர். சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்த நரம்பியல் அறிஞர் வி. எஸ். ராமச்சந்திரன் 1990களில் இதற்கு முகம் பார்க்கும் கண்ணாடி வைத்த ஒரு பெட்டியைப் பயன்படுத்தினார். இருக்கும் கையின் பிம்பம் இழந்த கையின் இடத்தில் தெரியும். கையை விரித்தால் அந்தக் கையும் விரிவதாக மூளைக்குத் தோன்றும். எல்லோருக்கும் பலன் தருவதில்லை. மருந்துகளும் உண்டு, கேளுங்கள்.

செயற்கைக் கைக்கு வருகிறேன். அதற்கு முன் கையின் மீந்த பகுதி வடிவம் பெற வேண்டும். இழுத்தால் நீளும் கிரேப் பேண்டேஜை எட்டு வடிவில், நுனியில் இறுக்கமாகவும் மேலே போகப் போகத் தளர்வாகவும் சுற்ற வேண்டும். காயம் ஆறியதும் பஞ்சு, பிறகு துண்டு என்று தேய்த்துத் தோலைத் தொடுதலுக்குப் பழக்க வேண்டும். செயற்கைக் கையில் மூன்று வகை: பார்வைக்கு மட்டும் உள்ளது, தோள் அசைவில் கம்பி இழுத்துத் திறக்கும் கொக்கி, தசையின் மின்குறிப்பில் இயங்கும் பேட்டரிக் கை. கொக்கியைப் பார்த்ததும் முகம் சுளிப்பார்கள். பட்டறை வேலைக்கு உழைப்பது அதுதான். பேட்டரிக் கை கனமானது, வியர்வையும் தண்ணீரும் அதற்கு ஆகாது. விலை உயர்ந்த கை பீரோவில் தூங்குவதை நான் பார்த்திருக்கிறேன். எதற்காக என்று முடிவு செய்துவிட்டு வாங்குங்கள். எதுவும் வேண்டாம் என்பவரையும் வற்புறுத்த வேண்டியதில்லை. இறந்தவர் ஒருவரின் கையைத் தானமாகப் பெற்றுப் பொருத்தும் அறுவைச் சிகிச்சை 2015இல் கொச்சியிலும் 2018இல் சென்னை ஸ்டான்லியிலும் நடந்திருக்கிறது. ஆனால் உடல் அதை நிராகரிக்காமலிருக்க ஆயுள் முழுவதும் மருந்து சாப்பிட வேண்டும்.

காகித வேலையைத் தள்ளிப்போடாதீர்கள். இடக்கையில் கையெழுத்து மாறிவிடும். வங்கியில் புதிய கையெழுத்தைப் பதிந்துகொள்ளுங்கள். வேலையிடத்து விபத்து என்றால், இஎஸ்ஐ என்னும் தொழிலாளர் அரசுக் காப்பீடு உள்ளவருக்கு நிரந்தர ஊனத்துக்கான உதவித்தொகை உண்டு. இல்லாதவருக்கு முன்பு 1923ஆம் ஆண்டின் பணியாளர் இழப்பீட்டுச் சட்டம் இருந்தது; 2025 நவம்பர் முதல் அதன் இடத்தில் 2020ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு இருக்கிறது. அதன் அட்டவணைப்படி கட்டைவிரல் போனால் 30 சதவீதம், மணிக்கட்டோடு கை போனால் 60, தோள்மூட்டோடு போனால் 90 சதவீதம் சம்பாதிக்கும் திறன் இழப்பு. "நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று முதலாளி சொன்னாலும், விபத்து நடந்த இரண்டு ஆண்டுகளுக்குள் மனுவைக் கொடுத்துவிடுங்கள்.