அல்காரிதம்: நெறிமுறையா, படிமுறையா?

"என் பதிவை அல்காரிதம் யாருக்கும் காட்டவில்லை." "அல்காரிதம் கணக்கை முடக்கிவிட்டது." "அல்காரிதம் கடன் தர மறுத்துவிட்டது." மூன்று வாக்கியத்துக்கும் எழுவாய் ஒன்றுதான், ஆனால் நடந்தவை வேறு வேறு. முதலாவதில், பயனர்களின் பழக்கங்களைக் கொண்டு பயிற்றுவித்த ஒரு கணினி மாதிரி (மாடல்) அந்தப் பதிவுக்குக் குறைந்த மதிப்பெண் போட்டிருக்கும். இரண்டாவதில், இத்தனை புகார் சேர்ந்தால் முடக்கிவிடு என்று யாரோ எழுதிவைத்த விதி வேலை செய்திருக்கும். மூன்றாவதில், இந்தப் புள்ளிக்குக் கீழே உள்ளவர்களுக்குக் கொடுப்பதில்லை என்று ஒரு நிர்வாகம் முடிவெடுத்திருக்கும். மூன்றையும் ஒரே சொல்லில் கட்டிவிட்டதால், முறையிட வேண்டிய இடம் தெரியாமல் போகிறது. ஆகவே இச்சொல்லுக்கான தமிழை வெறும் மொழித்தூய்மைக் கேள்வியாக மட்டும் பார்க்க முடியாது.

சொல்லின் வேரில் இருப்பது ஒரு நிலப்பகுதியின் பெயர். ஆரல் கடலுக்குத் தெற்கே இருந்த பகுதி குவாரசம். அந்த ஊர்க்காரர் என்ற பொருளில் வந்த அடைமொழி அல்-குவாரிஸ்மி. முகம்மது இப்னு மூசா அல்-குவாரிஸ்மி 9ஆம் நூற்றாண்டின் முற்பாதியில், கலீஃபா அல்-மாமூன் காலத்து பாக்தாதில் பணியாற்றிய கணித அறிஞர். பூச்சியத்தையும் சேர்த்துப் பத்துக் குறிகளால் எந்த எண்ணையும் எழுதிக் கணக்குப் போடும் இந்திய முறையை அவர் ஒரு நூலில் விளக்கினார். அதன் அரபு மூலம் இன்று இல்லை. 12ஆம் நூற்றாண்டில் செய்யப்பட்ட லத்தீன் மொழியாக்கத்தின் வழியாகவே அதை அறிகிறோம். "அல்கோரித்மி சொன்னார்" என்று அந்த ஏடு தொடங்குகிறது. ஐரோப்பாவில் அதைப் படித்தவர்களிடம் ஆளின் பெயர் நாளடைவில் முறையின் பெயராகிவிட்டது. இட மதிப்பு எண்களைக் கொண்டு தாளில் கணக்குப் போடுவதே முதலில் அல்கோரிசம். 'எண்' எனப் பொருள்படும் அரித்மோஸ் என்ற கிரேக்கச் சொல்லோடு குழம்பித்தான் கடைசி அசை 'தம்' ஆனது. ஸ்பானிய மொழியின் குவாரிஸ்மோவும் போர்ச்சுகீசிய மொழியின் அல்கரிஸ்மோவும் இன்றும் எண்ணுருவைத்தான் குறிக்கின்றன. அரபு மொழியோ பழைய பெயரை அப்படியே எடுத்து, இன்றைய கணினிச் சொல்லாகக் குவாரிஸ்மிய்யா என்று வைத்துக்கொண்டது.

இந்தப் புதிய கணக்குமுறையை நம்பலாமா என்ற வாதமும் அக்காலத்திலேயே நடந்தது. 1299இல் ஃபுளோரன்ஸ் நகரத்து நாணய மாற்றுநர் சங்கம், கணக்கேடுகளில் இந்திய-அரபு எண்களைப் பயன்படுத்தத் தடை விதித்தது.

இன்றைய பொருளுக்கு வருவோம். அல்காரிதம் என்பது ஒரு வகைக் கணக்கை எந்த உள்ளீட்டுக்கும் தீர்த்துத் தரும், முடிவுள்ள, ஐயத்துக்கு இடமில்லாத செய்படிகளின் தொகுதி. அமெரிக்கக் கணினி அறிவியலாளர் டொனால்ட் குனூத் 1968இல் இதற்கு ஐந்து இயல்புகளைச் சொன்னார்: ஒரு கட்டத்தில் நின்றாக வேண்டும், ஒவ்வொரு படியும் துல்லியமாக இருக்கவேண்டும், உள்ளீடு, வெளியீடு இரண்டும் வரையறுக்கப்பட்டிருக்கவேண்டும், ஒவ்வொரு படியும் ஒருவர் தாளும் பென்சிலும் வைத்துச் செய்து முடிக்கக்கூடியதாக இருக்கவேண்டும்.

மிகப் பழைய எடுத்துக்காட்டுகளில் ஒன்று கிரேக்கக் கணித அறிஞர் யூக்ளிடுடையது. கி.மு. 300 வாக்கில் எழுதப்பட்டது. இரண்டு எண்களின் மீப்பெரு பொது வகுத்தியைக் காண, பெரியதைச் சிறியதால் வகுத்து மீதியைப் பார். மீதி பூச்சியமானால் வகுத்த எண்ணே விடை. இல்லையென்றால் வகுத்த எண்ணையும் மீதியையும் வைத்து மறுபடி அதையே செய். 391, 299 என்ற இரண்டை எடுப்போம். 391ஐ 299 வகுக்க மீதி 92. 299ஐ 92 வகுக்க மீதி 23. 92ஐ 23 மீதியின்றி வகுக்கும். விடை 23. காரணிகளைத் தேடவே வேண்டியதில்லை. இது ஏன் நிற்கும் என்பதையும் சொல்ல முடிகிறது: மீதி எப்போதும் வகுத்த எண்ணைவிடச் சிறியது, பூச்சியத்துக்குக் கீழே போகாது, ஆகவே ஒரு கட்டத்தில் பூச்சியத்தைத் தொட்டே தீரும். இதையே வகுக்காமல், இரண்டும் சமமாகும்வரை பெரியதிலிருந்து சிறியதைக் கழித்துக்கொண்டே போகும் வடிவிலும் செய்யலாம். ஆனால் ஓர் எண் பூச்சியமாக வந்துவிட்டால் கழித்தல் எதையும் குறைக்காது, வேலை முடியவே முடியாது. 'இரண்டும் பூச்சியத்தைவிடப் பெரியவை' என்ற ஒரு வரி உள்ளீட்டு நிபந்தனையில் விடுபட்டதால் வரும் பிழை அது. சமையல் குறிப்பை அல்காரிதத்துக்கு உவமையாகச் சொல்வது வழக்கம். 'உப்பு தேவையான அளவு' என்ற இடத்திலேயே அந்த உவமை உடைந்துவிடுகிறது.

கணினிமொழியில் எழுதிய நிரல் (புரோகிராம்) வேறு, அல்காரிதம் வேறு. வரிசைப்படுத்திய பட்டியலில் ஒரு பெயரைத் தேட, நடுவில் பார்த்து, வேண்டாத பாதியை ஒதுக்கி, எஞ்சிய பாதியின் நடுவில் மீண்டும் பார்ப்பது இருமத் தேடல். பத்து லட்சம் பெயர்களில் ஒன்றை 20 ஒப்பீட்டுக்குள் கண்டுபிடித்துவிடும். இதில் நடு இடத்தைக் காண, தொடக்க எண்ணையும் இறுதி எண்ணையும் கூட்டி இரண்டால் வகுப்பார்கள். கணிதத்தில் இது முற்றிலும் சரி. ஆனால் கணினி 32 பிட் இடத்தில் வைக்கும், குறை எண்ணையும் ஏற்கும் முழுவெண் 2,14,74,83,647க்கு மேல் தாங்காது. பட்டியல் 107 கோடி உறுப்புகளைத் தாண்டினால் அந்தக் கூட்டல் வழிந்து குறை எண்ணாக மாறிவிடலாம். ஜாவா என்ற கணினிமொழியோடு வரும் ஆயத்த நிரல்களின் தொகுப்பிலேயே பல ஆண்டுகள் கிடந்த இந்தப் பிழை 2006இல் பரவலாகத் தெரியவந்தது. இறுதியிலிருந்து தொடக்கத்தைக் கழித்து, அதில் பாதியைத் தொடக்கத்தோடு கூட்டினால் சரியாகிவிடும். அங்கே தவறியது நிரல். அல்காரிதத்தில் ஒரு குறையும் இல்லை. இந்த வேறுபாட்டைத் தமிழ்ச் சொற்களும் காட்டவேண்டும்.

புழக்கத்தில் உள்ள தமிழ்ச் சொற்களை ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

தமிழ்நாட்டு மேல்நிலைக் கணினி அறிவியல் பாடநூல்கள் நெறிமுறை என்கின்றன. மாணவர்களுக்குப் பழகிய சொல் என்பது அதன் பெரிய வலிமை. சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. கணினிகள் தமக்குள் பேசிக்கொள்ளும் ஒழுங்கையும் 'இணைய நெறிமுறை' என்றே எழுதுகிறோம். மருத்துவ நெறிமுறை, ஆய்வு நெறிமுறை என்னும்போது அறவொழுக்கத்தைச் சொல்கிறோம். மூன்றும் ஒரே கட்டுரையில் வந்தால் 'நெறிமுறையின் நெறிமுறைகள்' என்று ஒரு தலைப்பு வரும். அல்காரிதங்களின் அறத்தைப் பற்றியதா, அவற்றின் தகவல் பரிமாற்ற ஒழுங்கைப் பற்றியதா என்று படிப்பவர் ஊகிக்கத்தான் வேண்டும்.

இதைவிட எனக்குக் கவலை தருவது அச்சொல்லின் சாயல். நெறி என்றால் வழி. ஆனால் தமிழில் அது நல்வழியாகவே ஊறிப்போயிருக்கிறது. அறநெறி, நன்னெறி, நெறிப்படுத்து, நெறி பிறழ்ந்தவன் என்ற வரிசையில் வளர்ந்த காதுக்கு, 'நெறிமுறைப்படி உங்கள் விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது' என்பது நியாயப்படி நிராகரிக்கப்பட்டது என்றே கேட்கும். செய்படிகளின் தொகுதிக்குச் சேராத ஒரு மதிப்பை அச்சொல் இரவல் கொடுத்துவிடுகிறது.

வழிமுறை நல்ல சொல், ஆனால் தளர்ந்த சொல். பதற்றத்தைக் குறைக்கும் வழிமுறையும் வழிமுறைதான், அது நிற்கவேண்டும் என்றோ ஒரே விடை தரவேண்டும் என்றோ யாரும் எதிர்பார்ப்பதில்லை. வாய்பாடு, சூத்திரம் என்பவை ஓர் உறவைச் சொல்பவை. 'விட்டத்தில் பாதியைச் சுற்றளவில் பாதியால் பெருக்கினால் வட்டத்தின் பரப்பு' என்பது வாய்பாடு. யூக்ளிட் முறையில் வரும் 'மீதி பூச்சியமா? இல்லையென்றால் திரும்பப் போ' என்ற கிளைப்பும் சுழற்சியும் அதில் இல்லை. படிமுறைத் தீர்வு என்றும் எழுதுகிறார்கள். இது பொருளுக்கு மிக அருகில் வருகிறது, ஆயினும் தீர்வு என்பது கிடைக்கும் விடை. 23 தீர்வு, அதை எட்டிய வழி தீர்வு ஆகாது.

தீர்வை விட்டுவிட்டு முன்பகுதியை மட்டும் எடுத்தால் படிமுறை. படி, ஒவ்வொன்றாக ஏறவேண்டியது. முறை, அவற்றின் ஒழுங்கு. துல்லியமும் வரிசையும் சொல்லுக்குள்ளேயே இருக்கின்றன, புகழுரை எதுவும் இல்லை. 'யார் போட்ட படி?' என்று கேட்கவும் இடம் விடுகிறது. 'படிப்படியாக' என்ற பொதுப்பொருளோடு மயங்கும் என்பது இதற்கு எதிரான நியாயமான வாதம். ஆனால் கணினி, கணிதச் சூழலில் அந்த மயக்கம் ஒரு வாக்கியத்துக்கு மேல் நீடிக்காது. நெறிமுறையின் மும்மடிக் குழப்பத்தோடு ஒப்பிட்டால் இது சிறிது. நான் படிமுறை பக்கம்.

யாருடைய படி என்ற கேள்வி எவ்வளவு முக்கியம் என்பதை இங்கிலாந்து 2020இல் கண்டது. கோவிடால் பள்ளி இறுதித் தேர்வுகள் ரத்தாயின. தேர்வுகளின் ஒழுங்குமுறை அமைப்பான ஆஃப்க்வால், ஒவ்வொரு பள்ளியின் முந்தைய ஆண்டுத் தேர்ச்சியையும், ஆசிரியர்கள் தந்த மாணவர் தரவரிசையையும், மாணவர்களின் பழைய மதிப்பெண்களையும் உள்ளீடாக வைத்துத் தரம் கணக்கிட்டது. ஆகஸ்ட் 13இல் முடிவு வந்தபோது, ஆசிரியர் மதிப்பீட்டைவிடச் சுமார் 39 விழுக்காட்டுத் தரங்கள் இறங்கியிருந்தன. ஒரு பாடத்தில் ஐந்து பேரோ குறைவாகவோ இருந்த இடங்களில் ஆசிரியர் மதிப்பீடே நின்றது. சிறு வகுப்புகள் மிகுந்த தனியார் பள்ளிகளுக்கு அது சாதகமாகிவிட்டது. மாணவர்கள் தெருவுக்கு வந்தார்கள். நான்கே நாளில் அந்தக் கணக்கு கைவிடப்பட்டது. பிறகு அப்போதைய பிரதமர் போரிஸ் ஜான்சன் அதை 'உருத்திரிந்த அல்காரிதம்' என்றார். எதுவும் திரியவில்லை. ஒட்டுமொத்தத் தரங்கள் முந்தைய ஆண்டுகளைவிட வீங்கக்கூடாது என்பது மேலிருந்து வந்த கொள்கை. முன்பு சிறந்த தேர்ச்சி காட்டாத பள்ளியில் படித்த திறமைசாலி கீழே இழுக்கப்படுவது அந்தக் கொள்கையின் நேரடி விளைவு. படிமுறை சொன்னதைச் சொன்னபடி செய்தது.

சமூக ஊடகப் பேச்சிலும் இதே பிரிப்பு உதவும். பரிந்துரை அமைப்பு ஒரே படிமுறையால் ஆனதன்று. முதலில் கோடிக்கணக்கானவற்றிலிருந்து சில நூறை வடிகட்டும் கட்டம். பிறகு பயிற்றுவித்த மாதிரி ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண் தரும் கட்டம். அதன்மேல் நிறுவனத்தின் விலக்கு விதிகள். மாதிரி எதை உயர்த்தப் பழகவேண்டும் என்பதை ஆட்கள் தேர்ந்தெடுக்கிறார்கள். யூடியூப் 2012இல் பார்வைகளின் எண்ணிக்கையை விட்டு, பார்க்கும் நேரத்துக்கு முதன்மை தந்தது அப்படியொரு தேர்வு. ஐரோப்பிய ஒன்றியத்தின் டிஜிட்டல் சேவைச் சட்டமும் பரிந்துரை அமைப்பு என்றே பெயரிட்டு, அதன் முதன்மை அளவுகோல்களை எளிய மொழியில் பயனருக்குச் சொல்லவேண்டும் என்கிறது.

எழுதும்போது இப்படிப் பிரித்துக்கொள்ளலாம். செய்படிகளுக்குப் படிமுறை: தேடல் படிமுறை, வரிசையாக்கப் படிமுறை, மறையாக்கப் (என்கிரிப்ஷன்) படிமுறை. அதைக் கணினிமொழியில் எழுதியது நிரல். தரவிலிருந்து கற்றுத் தேர்ந்தது மாதிரி. அதைக் கற்பித்த முறை பயிற்சிப் படிமுறை. எது வேண்டும் என்று முன்கூட்டியே முடிவுசெய்தது கொள்கை அல்லது இலக்கு. நெறிமுறையைத் தகவல் பரிமாற்ற ஒழுங்குக்கு விட்டுவிடலாம். அறத்துக்கு அறநெறி இருக்கவே இருக்கிறது. பாகுபாட்டைப் பற்றி எழுதும்போது 'படிமுறைப் பாகுபாடு' என்று நிறுத்தாமல், தரவில் வந்ததா, இலக்கில் வந்ததா, 'இதற்குக் கீழே மறு' என்று வைத்த வரம்பெண்ணில் வந்ததா என்று ஒரு சொல் கூட்டி எழுதவேண்டும். தரவில் என்றால் தரவைச் சேர்த்தவரிடமும், வரம்பெண்ணில் என்றால் அதை வைத்த நிர்வாகத்திடமும் போய்க் கேட்கலாம்.