வயரை வெட்டினால் அலாரம் நிற்காது

மட்டக்களப்பு, கல்முனைப் பக்கம் கடைகளுக்கும் வீடுகளுக்கும் அலாரமும் கமராவும் பூட்டிக் கொடுப்பது என் தொழில். கொள்ளைப் படம் ஒன்று வந்தால் போதும், போகிற இடமெல்லாம் ஒரே கேள்வி: "கள்ளன் வயரை வெட்டிட்டா?"

படத்தில் கதாநாயகன் வயரை வெட்டுவான், எல்லாம் அடங்கிவிடும், காவலாளியும் அந்த நேரம் பார்த்துத் தேத்தண்ணி குடிக்கப் போயிருப்பான். நாங்கள் பூட்டும் சென்சர் வயரில் எந்நேரமும் சின்னதாகக் கரண்ட் ஓடிக்கொண்டிருக்கும், வெட்டினால் அது அறுந்துவிடும், அறுந்த உடனேயே அலாரம் கத்தத் தொடங்கும். மெயினை நிறுத்தினாலும் பெட்டிக்குள் 12 வோல்ட் பற்றரி இருக்கிறது. நேரப்பூட்டுப் போட்ட வங்கிப் பெட்டகமென்றால், மனேஜரை மிரட்டினாலும் குறித்த நேரத்துக்கு முன் திறக்காது.

பெல்ஜியத்தின் ஆண்ட்வெர்ப் நகரில் 2003 பெப்ரவரியில் வைரக் கொள்ளை நடந்ததே, அதில் முக்கியமான ஆள் அதே கட்டடத்தில் இரண்டு வருடத்துக்கு மேல் அலுவலகம் வாடகைக்கு எடுத்து, வைர வியாபாரி போல வந்து போனவர். அவ்வளவு பொறுமையாகச் செய்தவர்களைப் பிடித்துக் கொடுத்தது நெடுஞ்சாலை ஓரம் வீசிய குப்பை. காணிக்காரர் பொலிசுக்கு அறிவிக்க, அந்தக் குப்பைக்குள் பாதி தின்ற சாண்ட்விச் வரை கிடந்தது, அதிலிருந்து மரபணுவும் எடுத்தார்கள். அதிர்ஷ்டம் இப்படிப் பொலிஸ் பக்கம் சாய்ந்த படம் எதையும் நான் பார்த்ததில்லை.

எனக்குக் கவலை என்னவென்றால், எங்கள் ஆட்கள் படத்தில் வரும் கெட்டிக்காரக் கள்ளனுக்குப் பயந்து காசைக் கொட்டுகிறார்கள், மாமாங்கக் கோயில் தீர்த்தத் திருவிழாவுக்கு வீட்டைப் பூட்டிவிட்டுக் குடும்பத்தோடு போகிறோம் என்று முதல்நாளே பேஸ்புக்கில் போடவும் செய்கிறார்கள்.

கல்லடியில் ஒரு வீட்டுக்கு எட்டுக் கமரா பூட்டினேன். பதிவுப் பெட்டியை டீவிக்குப் பக்கத்திலேயே வைக்கச் சொன்னார்கள். கள்ளன் முதலில் தூக்குவதே அதைத்தான் என்று விளக்கி, உள்ளறை அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினேன். பின்பக்கம் வயர் இழுக்கும்போது பூச்சட்டி ஒன்றைத் தள்ளினால், அடியில் பின்கதவுத் திறப்பு!

"அம்மா, இது எவ்வளவு காலமா இங்க இருக்கு?"

"வேலைக்கு வாற பிள்ளைக்காக வச்சது மகன், அவள் வேலையால நிண்டு மூணு வருசம்."

அன்றைக்கே அந்தக் கதவுக்குப் புதுப் பூட்டு மாற்றினோம். கமராக்கள் எட்டுக்கும் முன்னால் செய்திருக்க வேண்டிய வேலை அது.