ஆர்டர் வந்துடுச்சுன்னு பச்சத் தேனை எடுக்காதீங்க

குடும்பமா தேன் தொழில் பண்றவங்க முக்கால்வாசி பேரு இதை பிசினஸ்னு நினைச்சே ஆரம்பிச்சிருக்க மாட்டாங்க. எங்க அப்பாவும் தோட்டத்துல காய் நல்லா பிடிக்கட்டும்னுதான் தேன் பெட்டி வெச்சாரு, தேன் மிஞ்சுச்சு, சொந்தக்காரங்களுக்குக் குடுத்தோம், அவங்க சொல்லி யாரோ காசு குடுத்து கேட்டாங்க, அப்படியே பாட்டில் லேபிள்னு போயிடுச்சு.

வம்பு வர்றதும் அந்த இடத்துலதான். தேனீ கொண்டு வர்ற பூந்தேன்ல பெரும்பாலும் பாதிக்கு மேல தண்ணிதான், ராத்திரியெல்லாம் றெக்கைய விசிறி விசிறி அதை 18 சதவீதம் பக்கம் வத்த வெச்சப்புறம்தான் மெழுகால மூடும், அதுக்கு முன்னாடி எடுத்தா அதுதான் பச்சத் தேன். 1851ல அமெரிக்காக்காரர் லாங்ஸ்ட்ராத் பண்ண, கழட்டி மாட்டற மரச்சட்டம் வெச்ச பெட்டியால அடைய ஒடைக்காம தூக்கி எடுத்து, தேனை மட்டும் சுத்தி எடுத்துட்டு திருப்பி வெச்சிடலாம், இந்த வசதி இருக்கறதாலதான் ஒரு குடும்பமே இதை நம்பி பொழைக்க முடியுது, ஆனா அவசரப்படறதுக்கும் இதே வசதிதான் வழி.

சட்டத்தைப் படுக்க வெச்சு ஒரு உதறு உதறுங்க. சொட்டு தெறிச்சா அது இன்னும் தேன் ஆகல, உள்ள வெச்சிடுங்க. விக்கறவங்க ஒரு ரெஃப்ராக்டோமீட்டரும் வாங்கிக்கணும், ஒரு சொட்டு வெச்சா ஈரப்பதம் தெரிஞ்சிடும், கோடெக்ஸ்ங்கற உலக உணவுத் தர அளவுப்படி பொதுவா 20 சதவீதம் தாண்டக் கூடாது. தாண்டினா ஈஸ்ட் வேலை செய்யும், நுரை கட்டும், மூடியத் திறந்தா புஸ்ஸுனு புளிச்ச வாடை அடிக்கும். நல்ல தேனையும் வாளியில திறந்து போட்டா காத்துல இருக்கற ஈரத்தை இழுத்துக்கும், அதையும் பாத்துக்கணும்.

இதைப் பத்தி கஸ்டமர் யாரும் கேக்க மாட்டாங்க, தேன் உறைஞ்சா மட்டும் சர்க்கரை கலந்துட்டீங்கன்னு சண்டைக்கு வருவாங்க! குளுக்கோஸ் ஜாஸ்தியா இருக்கற தேன் உறையத்தான் செய்யும், 14 டிகிரி பக்கத்துல இன்னும் சீக்கிரமா. வெதுவெதுப்பான தண்ணியில பாட்டிலை வெச்சா இளகிடும், அடுப்புல வெச்சு கொதிக்க விடாதீங்க. தண்ணியில ஊத்திப் பாக்கறது, திரி கொளுத்திப் பாக்கறது இதெல்லாம் கலப்படத்தைக் காட்டாது, கெட்டியான சர்க்கரைப் பாகும் அதே மாதிரி அடியில போய் உக்காரும்.

அப்புறம், ஒரு வயசு ஆகாத கொழந்தைக்கு தேனை நாக்குல தொட்டுக்கூட வெக்காதீங்க. பொட்டுலிசம்ங்கற, நரம்பைத் தாக்கற ஆபத்தான நோயைக் கொண்டு வர்ற கிருமியோட வித்து அதுல இருக்கலாம், வீட்டுல காய்ச்சினாலும் அது சாகாது. எவ்ளோ சுத்தமா எடுத்த தேனா இருந்தாலும் இதே கதைதான், அதனால லேபிள்ல பேருக்குக் கீழயே பெரிய எழுத்துல போட்டுடுங்க.