நில ஆபீஸ் கடிதத்துக்காகக் காத்திருக்காதீர்கள்

மலேசியாவில் புதிய ரயில் பாதைக்காகச் செம்பனைக்கு நடுவே சிவப்புச் சாயம் பூசிய முளைக்குச்சி நட்ட பிறகுதான் யோசனை கேட்டு எங்களைத் தேடி ஆள் வருகிறது. கோயில் தலைவர், தமிழ்ப்பள்ளிப் பெற்றோர், லயத்தில் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளில்) மூன்று தலைமுறையாக இருப்பவர்கள் என்று யாரைக் கேட்டாலும் ஒரே பதில்தான்: "நில ஆபீஸ்ல இருந்து கடிதம் வரட்டும், விசாரணையில பேசிக்கலாம்னு இருந்தோம்." அந்த விசாரணையில் ரயில் பாதையைப் பற்றி யாரும் பேச முடியாது என்பதை எத்தனை தடவை சொல்வது?

1960ஆம் ஆண்டு நில எடுப்புச் சட்டப்படி 'இ' பாரம் என்ற அந்தக் கடிதத்தை அனுப்பி நடத்தும் விசாரணையில் மூன்று விஷயங்கள்தான் பேசப்படும்: நிலத்தின் மதிப்பு என்ன, அதில் யாருக்கு உரிமை, யாருக்கு எவ்வளவு இழப்பீடு. ரயில் பாதைக் கோட்டை ஐம்பது மீட்டர் தள்ளிப் போடச் சொல்லும் அதிகாரம் நில நிர்வாகிக்கு இல்லை. அதற்கு முன்பே 8ஆவது பிரிவின்படி 'டி' பாரம் என்ற நில எடுப்பு அறிவிப்பு அரசிதழில் வந்திருக்கும். நிலம் பொதுத் தேவைக்கு வேண்டும் என்பதற்கு அதுவே முடிவான சான்று.

இன்னொன்றையும் கேளுங்கள். பலருக்கு இது கசக்கும். தோட்ட நிலத்தின் கிராண்ட் (நில உரிமைப் பத்திரம்) கம்பெனி பெயரில் இருக்கிறது. நிலத்துக்காரர் விரும்பும்வரை மட்டும் குடியிருப்பவரை, இழப்பீடு கேட்க உரிமையுள்ளவர் என்று சட்டம் கணக்கில் எடுப்பதில்லை. அந்தக் கடிதம் உங்கள் வாசலிலேயே ஒட்டப்பட்டாலும் நிலத்துக்கான பணம் கம்பெனிக்குத்தான். கோயிலுக்கு எண்பது வயது ஆகியிருந்தாலும் இதே நிலைதான். குடியிருந்த ஆண்டுகள் கிராண்ட் ஆகாது.

அப்படியானால் கிராண்ட் இல்லாதவர்கள் எங்கே பேசுவது? 2010ஆம் ஆண்டு தரைப் பொதுப் போக்குவரத்துச் சட்டத்தில் அதற்கு இடம் இருக்கிறது. சாத்தியக்கூறு ஆய்வு முடிந்து, ரயில் திட்டத்துக்கு நிபந்தனையுடன் ஒப்புதல் கிடைத்ததும், வரைபடங்களை மூன்று மாதம் பொதுமக்கள் பார்வைக்கு வைப்பார்கள். யார் வேண்டுமானாலும் போய்ப் பார்க்கலாம், எழுதிக் கொடுக்கலாம், கிராண்ட் யாரும் கேட்க மாட்டார்கள். இறுதி ஒப்புதல் அதற்குப் பிறகுதான். சுற்றுச்சூழல் தாக்க அறிக்கை வேறு. அது தனியாகப் பார்வைக்கு வரும், அதற்குத் தனியாக எழுத வேண்டும். ஒன்றுக்குக் கொடுத்தது மற்றொன்றுக்குப் போய்ச் சேராது.

கோடு மாறாது என்று நினைக்காதீர்கள். கிழக்குக்கரை ரயில் பாதையின் கட்டுமானம் 2017இல் தொடங்கி, 2018இல் நிறுத்தப்பட்டு, 2019இல் நெகிரி செம்பிலான் வழியாகத் தெற்கே திரும்பியது. பிறகு மறுபடி வடக்கே வந்து, இப்போது செரண்டா, புஞ்சாக் ஆலம், காப்பார் பக்கமாகப் போகிறது. கோலாலம்பூர்-சிங்கப்பூர் அதிவேக ரயிலுக்கு 2016 டிசம்பரில் ஒப்பந்தம் போட்டார்கள். 2020 முடிவோடு அது காலாவதியானது. இப்படியிருக்க, பத்திரிகையில் வந்த படத்தை நம்பி தரகரிடம் நிலத்தை விற்பதும், "இழப்பீடு வாங்கித் தருகிறேன்" என்பவரிடம் முன்பணம் கொடுப்பதும் வேண்டாம். நில எடுப்புச் சட்டத்தின் 4ஆவது பிரிவுப்படி முதற்கட்ட அறிவிப்பு வந்தால்கூட நிலம் போய்விட்டது என்று அர்த்தம் இல்லை. 12 மாதத்துக்குள் 8ஆவது பிரிவு அறிவிப்பு வராவிட்டால் அது செல்லாது. பணம் கூடும் என்று அவசரமாகக் கொட்டகை போடுகிறவர்களுக்கும் சொல்கிறேன்: 8ஆவது பிரிவு அறிவிப்புக்கு முந்திய இரண்டு ஆண்டுகளில் செய்த மேம்பாட்டை, நேர்மையான தேவைக்குச் செய்தது என்று நீங்கள் நிரூபிக்காவிட்டால், மதிப்பில் சேர்க்க மாட்டார்கள்.

வரைபடத்தில் கோட்டை மட்டும் பார்த்துவிட்டு வராதீர்கள். கோட்டின் மேல் வரிசையாக எண்கள் இருக்கும். உங்கள் கோயிலுக்கும் பள்ளிக்கும் நேராக வரும் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டு பக்கமும் வேலி வரும். லயத்திலிருந்து பிள்ளைகள் பள்ளிக்கு நடந்துபோகும் மண்பாதை அந்த வேலியோடு முடிந்துவிடும். சுரங்கப்பாதை எங்கே, பள்ளிப் பேருந்து நுழையும் உயரம் உண்டா, மழைநீர் வடியும் அல்லூருக்குக் குழாய் போட்டிருக்கிறார்களா என்பதெல்லாம் அந்தத் தாளில்தான் முடிவாகும். "எங்கள் கோயிலைக் காப்பாற்றுங்கள்" என்று மட்டும் எழுதினால் யாராலும் ஒன்றும் செய்ய முடியாது. இந்த எண்ணுக்கு நேரே, கோட்டிலிருந்து இத்தனை மீட்டரில் மூலஸ்தானம் இருக்கிறது, தினம் இத்தனை பிள்ளைகள் இந்த வழியாகக் கடக்கிறார்கள், இந்த இடத்தில் சுரங்கப்பாதை வேண்டும் என்று எழுதுங்கள். சங்கப் பதிவுச் சான்றிதழ், பழைய மின்கட்டண ரசீது, தேதியோடு எடுத்த படங்கள் எல்லாவற்றையும் சேர்த்துக் கொடுங்கள். கோயிலுக்கு மாற்று இடம் தருவதாகத் தோட்ட நிர்வாகம் வாயால் சொன்னால் போதாது, கையெழுத்திட்ட கடிதமாக வாங்குங்கள்.

சொந்தமாக இரண்டு மூன்று ஏக்கர் வைத்திருப்பவர்களே, தயவுசெய்து இன்றே கிராண்டை எடுத்துப் பாருங்கள். இறந்துபோன அப்பா பெயரிலேயே இருந்தால், வாரிசு பெயருக்கு மாற்ற நில அலுவலகத்தின் சிறு சொத்துப் பிரிவில் மனுக் கொடுங்கள். இழப்பீடு போதாது என்றால், நீதிமன்றத்துக்குப் போக ஆட்சேபம் கொடுக்கும் 'என்' பாரத்துக்குக் கெடு உண்டு: நில நிர்வாகி இழப்பீட்டுத் தீர்ப்புச் சொல்லும்போது நீங்கள் அங்கே இருந்தால், அன்றிலிருந்து ஆறு வாரம். பணத்தை வாங்கும்போதே ஆட்சேபத்தோடு வாங்குவதாக எழுதுங்கள். பேசாமல் வாங்கிவிட்டால் பிறகு நீதிமன்றம் போக வழியில்லை.

பார்வைக்கு வைக்கும் அறிவிப்பு நாளிதழிலும் நகராண்மைக் கழகப் பலகையிலும் வரும். கோயில் குழுவில் ஒருவருக்கு அதைக் கவனிக்கும் பொறுப்பைக் கொடுங்கள். மனுவை இரண்டு பிரதி எடுத்து, உங்கள் பிரதியில் தேதி முத்திரை குத்தாமல் அங்கிருந்து கிளம்பாதீர்கள்.