எல்லாப் படபடப்பும் வாய்வல்ல

கடந்த வாரமும் ஒருவர். ஐம்பது வயதைத் தாண்டிய, கொழுந்து பறிக்கும் தாய். வலது கையும் காலும் செயலிழந்து, பேச்சுக் குழறிய நிலையில் தோட்டத்து லொறியில் ஏற்றிவந்தார்கள். தேயிலைக் கறை படிந்த அந்தக் கையைப் பிடித்து நாடி பார்த்தேன். ஒரு துடிப்பு பலமாகவும், அடுத்தது மெலிந்தும், இடையே ஒன்று காணாமலும், எந்த ஒழுங்குக்கும் அடங்காமல் ஓடியது. நெஞ்சு படபடக்கிறதென்று ஆறு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தாராம். தோட்டக் குடியிருப்பான லயத்தில் கொடுத்தது ஓமத் தண்ணீர்.

வாய்வு என்ற சொல்லைக் கேட்டுக் கேட்டுச் சலித்துவிட்டது. வயிற்றுக் காற்று ஏப்பமாகவோ கீழ்வழியாகவோ வெளியேறுமே தவிர, நெஞ்சறைக்குள் ஏறி இதயத்தைச் சுற்றிக்கொண்டிருக்காது. "ஏப்பம் விட்டதும் நின்றதே, டொக்டர்" என்பார்கள். இத்தகைய துடிப்புக் கோளாறு ஆரம்பத்தில் தானாக வந்து தானாகவே நிற்கும். அது நிற்கும் நேரத்தில் ஓமத் தண்ணீரும் உள்ளே போயிருந்தால், பெயர் ஓமத்துக்குப் போய்விடுகிறது. நின்றபின் எடுத்த ஈசிஜி சீராக இருப்பதும் இதனாலேயே என்பதால், அந்தக் காகிதத்தை நற்சான்றிதழாக மடித்து வைத்துக்கொள்ளாதீர்கள்.

சிலருக்குப் படபடப்பே இராது. களைப்பு, தலைச்சுற்று, மூச்சிளைப்பு மட்டும் இருக்கும். மேடு ஏறினால் எவருக்கும் மூச்சு வாங்கும்தான். ஆனால் போன வருடம் நில்லாமல் ஏறிய அதே படிகளில் இன்று இருமுறை உட்கார நேர்ந்தால், படிகள் வளர்ந்துவிடவில்லை.

ஐந்து நிமிடம் அமர்ந்திருந்தபின், மணிக்கட்டில் பெருவிரல் பக்கமாக இரு விரல்களை வைத்து ஒரு முழு நிமிடம் எண்ணுங்கள். 60 முதல் 100 வரை இயல்பு என்றாலும், எண்ணிக்கையைவிட ஒழுங்கையே கவனியுங்கள். (நாடி தாறுமாறாக ஓடும்போது பிரஷர் மெஷின் காட்டும் எண்ணையும் முழுமையாக நம்ப முடியாது, திரையை மட்டும் பார்க்கும் இளம் வைத்தியர்களிடமும் இதைச் சொல்வதுண்டு.) பிரஷர், தைரொயிட் நோய், மதுப் பழக்கம், சிறுவயதில் வாதக் காய்ச்சலால் பழுதான வால்வு ஆகியவை உள்ளவர்கள் கட்டாயம் பார்க்க வேண்டும். இதயத்தின் மேலறைகள் ஒழுங்கின்றித் துடிக்கும் மேலறை நடுக்கம் என்னும் வகையில், அங்கே உறையும் குருதிக்கட்டி மூளைக்குப் போய் அடைப்பதால், பாரிசவாத ஆபத்து ஏறக்குறைய 5 மடங்கு.

குருதி உறைவதைத் தடுக்கும் வாபரின் மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். ஒரு நாள் பேர், அதாவது அன்றைய சம்பளம், போய்விடும் என்று இரத்தப் பரிசோதனைக்கு வராமலிருப்பவர்களின் கஷ்டம் எனக்குத் தெரியும், தயவுசெய்து வாருங்கள்.

மயக்கம், நெஞ்சுவலி, முகம் கோணுதல் என்றால் உடனே 1990 அம்புலன்ஸுக்கு அழையுங்கள். பாரிசவாதத்துக்குக் குருதிக்கட்டியைக் கரைக்கும் மருந்தைப் பொதுவாக நாலரை மணித்தியாலத்துக்குள் கொடுக்க வேண்டும்; அதில் பாதியை நமது வளைவுப் பாதைகளே தின்றுவிடும். நோயாளி கடைசியாக எத்தனை மணிக்கு நன்றாக இருந்தார் என்பதே நாங்கள் கேட்கும் முதற்கேள்வி. அந்தத் தாயுடன் வந்தவர்களில் ஒருவருக்கும் அது தெரியவில்லை.