விமானம் நம்முடையது, உதிரி பாகம் யாருடையது?

ராணுவத் தளவாட வழங்கலைத் திட்டமிடுவது என் தொழில். ஐரோப்பா அமெரிக்காவை நம்பி இருக்கலாமா, தன் காலில் நிற்க வேண்டுமா என்ற பேச்சு வந்தாலே எல்லோரும் விமானங்களையும் டாங்கிகளையும் எண்ணத் தொடங்குகிறார்கள். என் கண் போவது கிடங்கின் இருப்புக் கணக்கு மேல்.

2011 லிபியா நடவடிக்கையில் தாக்குதலுக்குப் பறந்தவை பெரும்பாலும் ஐரோப்பிய விமானங்கள்தான். ஆனால் அவற்றுக்கு வானிலேயே எரிபொருள் நிரப்பிய டேங்கர்களில் பெரும்பகுதி அமெரிக்காவுடையவை. சில நாடுகளுக்குத் துல்லியக் குண்டுகளிலும் சீக்கிரமே தட்டுப்பாடு வந்தது.

அப்புறம் 155 மில்லிமீட்டர் பீரங்கிக் குண்டு. ஒரே ஆண்டில் பத்து லட்சம் குண்டுகளை உக்ரைனுக்குத் தருவதாக ஐரோப்பிய ஒன்றியம் 2023 மார்ச்சில் வாக்குக் கொடுத்தது. கெடு முடிந்தபோது கொடுத்தது ஏறக்குறைய பாதி. பணம் இல்லாமல் இல்லை. பல வருடங்களாகச் சில்லறை ஆர்டர்களையே பார்த்த ஆலைகள் ஒரே இரவில் பெருகிவிடாது. குண்டைத் தள்ளும் வெடிமருந்துக்கு வேண்டிய பஞ்சுக்கழிவில் பெரும்பங்கு சீனாவிலிருந்து வருகிறது! அளவு ஒன்றே என்றாலும் ஒரு நாட்டுக் குண்டை இன்னொரு நாட்டுப் பீரங்கியில் சோதிக்காமல் போட முடியாது.

2025 மார்ச்சில் உக்ரைனுக்கான உளவுத் தகவலை அமெரிக்கா சில நாட்கள் நிறுத்தியது. கையில் இருந்த ஆயுதம் குறையவில்லை, அதன் பார்வைதான் மங்கியது.

இதற்காக நட்பை முறித்துக்கொள்ளச் சொல்லவில்லை. ஒரு நாட்டின் மீதான தாக்குதல் எல்லோர் மீதான தாக்குதல் என்னும், நேட்டோ ராணுவக் கூட்டணியின் 5ஆம் விதி இதுவரை ஒரே முறைதான் நடைமுறைக்கு வந்தது, 2001இல் அமெரிக்கா தாக்கப்பட்டபோது. செயற்கைக்கோள் எச்சரிக்கை போன்றவற்றுக்கு இன்னும் பல வருடங்கள் அமெரிக்காவைச் சார்ந்திருக்கலாம், சரி. குண்டு, உதிரி பாகம், பழுதுபார்ப்பு மூன்றையும் அப்படி விட முடியாது.

2035க்குள் உள்நாட்டு உற்பத்தி மதிப்பில் 5 சதவீதத்தைப் பாதுகாப்புக்குச் செலவிடுவதாக 2025இல் ஹேக் நகரில் நேட்டோ நாடுகள் ஒப்புக்கொண்டன. அதைவிட எனக்கு நம்பிக்கை தருவது, அதே ஆண்டு ஐரோப்பிய ஒன்றியம் கொண்டுவந்த 15,000 கோடி யூரோ ஆயுதக் கொள்முதல் கடன் திட்டத்தின் ஒரு நிபந்தனை. பாகங்களின் மதிப்பில் வெளியாரின் பங்கு 35 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. சிக்கலான ஆயுதமென்றால், வேறு நாட்டின் அனுமதி கேட்காமலே அதன் வடிவமைப்பை மாற்றும் உரிமையும் கையில் இருக்க வேண்டும்.

கொள்முதல் ஒப்பந்தம் மேசைக்கு வந்தால் நான் முதலில் புரட்டுவது பின்னிணைப்பைத்தான். உதிரி பாகம் எங்கிருந்து வரும், மென்பொருளை மாற்ற யார் கையெழுத்து வேண்டும், கப்பல் வராவிட்டால் எத்தனை நாள் தாங்கும். பல முறை அந்தக் கடைசிக் கேள்விக்கான கட்டம் நிரப்பப்படாமலே வந்திருக்கிறது. நிரப்பித் தரும்வரை நான் கையெழுத்துப் போடுவதில்லை.