பீப்பாய்: அளவும் அசலும்

கச்சா எண்ணெய் விலை ஏறினாலும் இறங்கினாலும் நாளிதழில் தவறாமல் தலைகாட்டும் சொல் பீப்பாய். தெருவில் அதற்கு வேறு பிழைப்பு: தார் பீப்பாய், "ஆள் பீப்பா மாதிரி இருக்கார்" என்கிற கிண்டல். கேட்கத் தமிழ்ச்சொல் போலவே இருந்தாலும் சாவி, ஜன்னல், அலமாரி ஆகியவற்றோடு போர்த்துக்கீசியரிடமிருந்து வந்தது. அவர்கள் சொல் 'பீப்பா'. எழுத்தில் நாம் ஒரு 'ய்' ஒட்டினோம். பேச்சில் அதையும் விட்டுவிட்டோம்.

பீப்பாவின் பழைய பொருள் குழல். ஆங்கிலத்தின் 'பைப்' அதே வேர்தான். ஆக, தெருக்குழாயில் பைப்புக்கு அடியில் பீப்பாயை வைத்தால், ஒரே சொல் இரண்டு வேஷத்தில் நிற்கிறது. ஆங்கிலேயருக்கும் பைப் என்றால் மரப் பீப்பாய் உண்டு. ஆனால் அது பாத்திரம் மட்டுமல்ல, அளவு: 126 காலன் (gallon என்ற திரவ அளவு). இரண்டு பைப் சேர்ந்தால் ஒரு டன். ஆம், நாம் எடைக்குச் சொல்கிற டன்னேதான். முதலில் அது 252 காலன் கொள்ளும் பெரிய பீப்பாயின் பெயர்.

இந்த அளவுகளோடு தினமும் மல்லுக்கட்டியவர்கள், 17ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேயக் கப்பல்களுக்குப் பீர் அனுப்பிய ஆலைகளின் கணக்கர்கள். லண்டன் கோபுரத்தை ஒட்டிய ஈஸ்ட் ஸ்மித்ஃபீல்டு பக்கம்தான் கடற்படையின் உணவுக் கிடங்கு. பீர் அங்கே கொண்டாட்டத்துக்கான பானமல்ல, சாப்பாட்டோடு சேர்ந்தது. பீப்பாயில் அடைத்த தண்ணீர் சில வாரங்களில் நாறிவிடும். ஹாப்ஸ் பூ போட்டுக் காய்ச்சிய பீர் இன்னும் கொஞ்ச நாள் தாங்கும்.

சாமுவேல் பீப்ஸ் கடற்படை நிர்வாகத்தில் இருந்தபோது, 1677இல் போட்ட ஒப்பந்தப்படி ஓர் ஆளுக்கு நாளொன்றுக்கு ஒரு காலன் பீர். (பீப்ஸ், பீப்பாய்: பெயர்ப் பொருத்தம் தற்செயல்தான்.) சரி, கணக்கரின் மேசைக்கு வருவோம். 100 பேர், கடற்படை மாதம் 28 நாள், மொத்தம் 2,800 காலன். 126ஆல் வகுத்தால் 22 பைப் நிரம்பி, மிச்சம் 28 காலன் நிற்கும். சரியாக ஒரு மாலுமியின் மாதப் பங்கு! அதை விட்டுவிட்டால் ஒருவன் வாய் காய்ந்தே போக வேண்டியதுதான். காலனிலும் இரண்டு வகை உண்டு. திராட்சை மதுவை அளக்கும் காலன் சுமார் 3.8 லிட்டர், பீர் காலன் சுமார் 4.6. ஒப்பந்தம் எழுதியவர்கள் பீருக்கே மதுக் காலனைப் போட்டார்கள். யாருக்கு லாபம் என்று கேட்கவே வேண்டாம்.

பீர் கெடுவதற்குப் பீப்பாயும் காரணமாகும். பலகைகள் நன்றாகக் காய்ந்த மரமாக இருக்க வேண்டும். பச்சை மரம் என்றால் ஒழுகும், உள்ளே இருப்பதும் வீணாகும். 1587இல் ஆங்கிலேயக் கடற்படைத் தளபதி டிரேக், எதிரிகளான ஸ்பானியர்கள் பீப்பாய் செய்ய வைத்திருந்த பலகைகளைக் குவியல் குவியலாக எரித்தது சும்மா இல்லை. மறு வருஷம், 1588இல், ஆங்கிலேயத் தளபதி ஹோவர்டே தன் ஆட்களுக்குப் புளித்த பீரைப் போல வெறுப்பானது வேறில்லை என்று எழுதினார்.

பீப்பாய்க்குத் தமிழ்ச்சொல் என்ன? 'மிடா' என்பார்கள். பெரிய பானை என்று பொருள். மொடாக்குடியன் என்கிறோமே, அந்த மொடா இதுதான். குடியோடு ஏற்கெனவே பழகிய சொல் என்பதால் எனக்கும் பிடிக்கும். ஆனால் மிடாவை வனைவார்கள். பீப்பாயைப் பலகையும் வளையமுமாகப் பூட்டுவார்கள், உருட்டிக்கொண்டு போவார்கள். மரமிடா என்றால் ஓரளவு பொருந்தும். அளவைச் சொல்லும்போது பீப்பாயையே வைத்துக்கொள்ளலாம்.

அந்த அளவும் இப்போது பழைய அளவல்ல. எண்ணெய்ச் சந்தையின் பீப்பாய் 42 காலன், சுமார் 159 லிட்டர். அமெரிக்கர்கள் இன்றும் விடாமல் வைத்திருக்கும் அதே பழைய மதுக் காலன்தான். கணக்கர் ஏட்டில் இருந்த 126 காலன் பைப்பில் அது சரியாக மூன்றில் ஒரு பங்கு.